மெர்த்தரிலிருந்து ஐரோப்பாவுக்கு ஒரு பாதை இருந்தது



ஆர்சனல் சட்டையோடு கூட்டத்துக்கு வாற தம்பி தங்கைகளுக்காக இந்தத் தலையங்கம். 1994இல் கோப்பன்ஹேகனில் பார்மாவை 1–0 என்று வென்று உங்கட அணி தூக்கிய கிண்ணம் இப்போது இல்லை. 'கப் வின்னர்ஸ் கப்' என்று 1960 முதல் 1999 வரை நடந்த ஐரோப்பியப் போட்டி அது. ஒவ்வொரு நாட்டிலும் தேசியக் கிண்ணத்தை வென்ற கழகம் அதில் ஆடலாம். அந்த நாடு பெரிசா சின்னதா, கழகத்திடம் எவ்வளவு காசு இருக்கு என்றெல்லாம் கேள்வி இல்லை.

அதனால்தான் வேல்ஸின் இரும்பு, நிலக்கரி ஊரான மெர்த்தர் டிட்ஃபில் 1987இல் இத்தாலியின் அத்தலாந்தாவைத் தன் மைதானத்துக்கு வரவழைத்தது. சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோற்று இரண்டே வருசம். தொழில்முறை லீக்குக்கு வெளியே ஆடிய கழகம் அது. ஆட்டம் 2–1, வென்றது மெர்த்தர்! இரண்டாம் ஆட்டத்தில் 2–0 என்று தோற்று வெளியேறினார்கள். அதே அத்தலாந்தா பிறகு அரையிறுதி வரை போனது.

1974இல் கிழக்கு ஜெர்மனியின் மக்டபேர்க், தன் மாவட்டத்துப் பொடியங்களை வைத்தே ஏசி மிலானை 2–0 என்று வென்றது. கிழக்கு ஜெர்மன் கழகமொன்று வென்ற ஒரே ஐரோப்பியக் கிண்ணம் அதுதான். அந்த அணியை உருவாக்கிய பயிற்றுநர் ஹைன்ஸ் க்ரூகலை 1976இல் அதிகாரிகள் தூக்கினார்கள். அதன்பிறகு உயர்மட்டத்தில் அவரைப் பயிற்றுவிக்க விடவேயில்லை. எங்கட பக்கத்து ஆட்கள்தான் செய்தது என்பதற்காக இதை மறைக்கத் தேவையில்லை.

இது ஏழைகளின் கிண்ணமும் இல்லை. பார்சலோனா நாலு தரம் வென்றிருக்கு. ஆனால் பார்சலோனாவும் மெர்த்தரும் ஒரே வாசலால்தான் உள்ளே வந்தார்கள்.

சரி, யார் மூடியது? 1998இல் மீடியா பார்ட்னர்ஸ் என்ற மிலான் நிறுவனம், பணக்காரக் கழகங்களுக்குத் தனி சூப்பர் லீக் அமைக்கலாம் என்று ஆசை காட்டியது. பயந்துபோன யூஇஎஃப்ஏ, சாம்பியன்ஸ் லீக்கை 24 கழகத்திலிருந்து 32 ஆக்கி, பெரிய நாடுகளுக்கு நாலு இடம் வரை கொடுத்தது. கப் வின்னர்ஸ் கப்பை யூஇஎஃப்ஏ கிண்ணத்துக்குள் கரைத்துவிட்டது. பெரிய லீக்கில் நாலாவதாக வந்தவர்களுக்குக் கதவு திறந்தது. தேசியக் கிண்ணம் வென்றவர்கள், பெரிய லீக்குகளின் மிச்ச அணிகளோடு இடிபட வேண்டியதாயிற்று. கடைசி இறுதியாட்டம் 1999 மே மாதம் பர்மிங்காமில் நடந்தது, லாட்சியோ வென்றது.

2021 ஏப்ரல் 18 அன்று சூப்பர் லீக் திரும்ப வந்தபோது ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள். இரண்டே நாளில் ஆறு இங்கிலாந்துக் கழகங்களும் பின்வாங்கின. நல்ல வெற்றி, கொண்டாடினோம். ஆனால் நடுவில், 19ஆம் திகதி, எல்லாரும் சூப்பர் லீக்கைத் திட்டிக்கொண்டிருந்த வேளையில், சாம்பியன்ஸ் லீக்கை 36 கழகங்களாக்கும் திட்டத்தை யூஇஎஃப்ஏ நிறைவேற்றிவிட்டது. 2024இலிருந்து அப்படித்தான் நடக்குது.