வானத்து ராணியும் ரெண்டு பகடையும்

வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் வராத காலத்துல, வான்சண்டையை அட்டையும் பகடையும் வெச்சுத்தான் ஆடினாங்க. அமெரிக்காவுல எஸ்.பி.ஐ. கம்பெனி 1977-ல போட்ட 'ஏர் வார்', ஜெட் விமானம் திரும்புற ஒவ்வொரு திருப்பத்துக்கும் கணக்குப் போடச் சொல்லும். நிஜத்துக்கு ரொம்பப் பக்கத்துல வந்தது அதுதான்னு சொல்றவங்க உண்டு. என் ஓட்டு அதுக்கு இல்லீங்க.

அவலான் ஹில் 1983-ல வெளியிட்ட 'பி-17: குயீன் ஆஃப் தி ஸ்கைஸ்' இருக்கே, அதுக்குத்தான். தனியாளா ஆடுறது. ஒரு குண்டுவீச்சு விமானம், உள்ளே பத்து பேர். 25 தடவை போய்த் திரும்பினா வீட்டுக்குப் போகலாம். பத்து பேருக்கும் நீங்கதான் பேர் வைக்கணும். மத்ததெல்லாம் பெரும்பாலும் பகடையும் அட்டவணையும் பார்த்துக்கும்.

"நாம முடிவெடுக்க ஒண்ணுமே இல்லையே, இதெல்லாம் ஒரு விளையாட்டா?"ம்பாங்க. அதாங்க விஷயமே! 1943 அக்டோபர் 14-ல ஜெர்மனியோட ஷ்வைன்ஃபுர்ட்டுக்குக் கிளம்பின 291 பி-17ல 60 திரும்பி வரலை. வரிசை கலையாம பறக்கணும். குண்டு யார் மேல பாயும்னு உள்ளே இருந்தவங்களா முடிவு பண்ணாங்க?

வால்பக்கத் துப்பாக்கிக்காரனுக்கு உங்க நண்பன் பேரை வெச்சு ஆடிப் பாருங்க. பகடை உருண்டு, அந்தப் பேரை நீங்களே அடிக்கும்போது, வீரம்ங்கற வார்த்தையை அப்புறம் யோசிச்சுத்தான் சொல்லுவீங்க.