அமுங்கிய தக்காளி



சித்தூரிலிருந்து ஒரு பாட்டி அஞ்சலட்டை போட்டிருக்கிறார். போன இதழில் மழைக்கால ரசங்களைப் பற்றி எழுதியது பிடித்ததாம். "ஆனால் பேத்தி சூப்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். பாக்கெட் வாங்க எனக்கு மனசில்லை. மிக்ஸி வேறு ரிப்பேருக்குப் போயிருக்கிறது. தக்காளி சூப்புக்கு ஒரு வழி சொல்லுங்கள்" என்கிறார்.

மிக்ஸி இல்லாதது நல்லதாகப் போயிற்று அம்மா. நான் சூப் கற்றுக்கொண்டது மிக்ஸியே இல்லாத ஓர் அறையில்தான்.

திருப்பதியில் கோவிந்தராஜ சுவாமி கோயிலுக்குச் சற்றுத் தள்ளி மாடியில் ஒற்றை அறை. ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு அலுமினியச் சட்டி, ஒரு டீ வடிகட்டி, இரண்டு டம்ளர். ஒரு மழை நாள் சாயங்காலம், ஓட்டலில் குடித்த சூப்பின் நினைவில் தக்காளியை அந்தச் சட்டியிலேயே வேகவைத்தேன். வாயில் வைத்தால் காசை நக்கியது போல் ஒரு ருசி. வாசனைக்கு எட்டிப் பார்த்த வீட்டுக்கார அம்மா, "ஏம் நாயனா, அலுமினியத்தில் புளிப்பை யாராவது கொதிக்க வைப்பார்களா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். பாதி தெலுங்கு, பாதி தமிழ், அந்த ஊர்ப் பேச்சே அப்படித்தான். கீழே போனவர் ஒரு மண்சட்டியும் ஒரு பப்பு குத்தியும் எடுத்து வந்தார். பப்பு குத்தி என்றால் வேறொன்றும் இல்லை, நம் வீட்டில் கீரை கடையும் மத்தின் தெலுங்குச் சகோதரி. இதுவரை நான் வைத்த சூப்பெல்லாம் அந்த இரண்டு சாமான்களின் தயவு.

அவர் கற்றுத்தந்த இன்னொரு பாடம் தக்காளி வாங்குவது. நான் காலையில் போய், விரலால் அழுத்திப் பார்த்து, கெட்டியாகப் பளபளப்பதைப் பொறுக்கி வருவேன். அவர் இருட்டும் நேரத்தில்தான் போவார். நாள் முழுக்க எல்லோரும் ஒதுக்கிப்போட்ட, தொட்டால் அமுங்கும் பழங்களைக் கடைக்காரர் கூறு கட்டி வைத்திருக்கும் நேரம் அது. அழுகலை மட்டும் தள்ளிவிட்டு அந்தக் கூறை அப்படியே பையில் கொட்டிக்கொள்வார். சாம்பாருக்குக் கெட்டித் தக்காளி போதும். சூப்புக்கு அமுங்கியதுதான் வேண்டும்.

இந்த விஷயத்தில் திருப்பதி, சித்தூர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். திருப்பதியிலிருந்து பீலேர் வழியாக மூன்று மணி நேரம் போனால் மதனப்பள்ளி. 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். 1919-இல் தாகூர் வந்து தங்கி 'ஜன கண மன'வை ஆங்கிலத்தில் எழுதிய இடம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருவார்கள். ஆனால் லாரி டிரைவர்களைக் கேட்டால் தக்காளியைத்தான் சொல்வார்கள்; நாட்டின் பெரிய தக்காளி மண்டிகளில் ஒன்று அங்கே இருக்கிறது. ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்து மேட்டு நிலம் என்பதால், சமவெளியில் செடி வெயிலில் சுருளும் மாதங்களிலும் அங்கே காய்க்கும். டெல்லி, கொல்கத்தா என்று தூரம் போகும் சரக்கைச் செங்காயாகவே பறித்துவிடுவார்கள். அது லாரியிலேயே சிவந்துகொள்ளும். செடியிலேயே பழுத்தது அந்தப் பயணத்தைத் தாங்காது. அது பக்கத்து ஊர்ச் சந்தைக்குத்தான் வரும்.

விலையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2023 ஜூலை ஞாபகம் இருக்கிறதா? மதனப்பள்ளி மண்டியிலேயே கிலோ 200 ரூபாயை நெருங்கியது. அங்கிருந்தும் கோலாரிலிருந்தும் கொள்முதல் செய்து, டெல்லியில் கிலோ 90 ரூபாய் என்று மத்திய அரசே விற்க இறங்கியது. ஒரு வாரத்தில் அதை 70 ஆக்கியது. பர்கர் கடைகள்கூடத் தக்காளியைக் கைவிட்டன. செப்டம்பர் வந்ததும் எல்லாம் தலைகீழ். ராயலசீமையில் விவசாயிகள் சாலையோரம் கொட்டிவிட்டுப் போனார்கள். விலை அப்படி விழும்போது பறிக்கிற கூலியும் வண்டி வாடகையுமே கைக்கு வராது. பழம் செடியோடு நிற்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். கூறு மலிவாகக் கிடைக்கிற நாளில் பேரம் பேச எனக்கு நாக்கு எழுவதில்லை. இரண்டு கூறாக வாங்கிவிடுகிறேன்.

சரி, சட்டிக்கு வருவோம். மண்சட்டி இல்லையென்றால் எவர்சில்வர். ஒரு ஸ்பூன் வெண்ணெய் உருகியதும் நசுக்கிய பூண்டு இரண்டு பல், நறுக்கிய சின்ன வெங்காயம் நாலைந்து. வதங்கினால் போதும், சிவக்கக் கூடாது. அரைக் கிலோ தக்காளியைக் கையாலேயே பிய்த்துப் போடுங்கள். வடிகிற சாறு ஒரு சொட்டுகூட வெளியே போகக் கூடாது. கூடவே களைந்த பச்சரிசி ஒரு ஸ்பூன், தண்ணீர் இரண்டு டம்ளர், உப்பு. மூடிவைத்து, சின்னத் தீயில் இருபத்தைந்து நிமிடம்.

பச்சரிசி எதற்கு என்று கேட்பீர்கள். ஓட்டலில் சோளமாவு கரைத்து ஊற்றுகிறார்களே, அதற்குப் பதில். சோளமாவு சூப் ஆறினால் பசை. அரிசி குழைந்த சூப் ஆறினாலும் கஞ்சி மாதிரி சாதுவாக இருக்கும். பழைய சோறு ஒரு பிடி போட்டாலும் தப்பில்லை.

பிறகு இறக்கி, மத்தால் கடையுங்கள். மிக்ஸியில் சுற்றினால் காற்று புகுந்து நுரைத்து நிறம் வெளிறிவிடும், விதையும் தோலும் அரைபடும். மத்து அந்த வேலையெல்லாம் செய்யாது. வடிகட்டியில் ஊற்றி, கரண்டியின் முதுகால் தேய்த்தால் தோலும் விதையும் மேலே நின்றுவிடும். விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பு கீழே இறங்கிவிடும். அதை விட்டுவிடாதீர்கள், தக்காளியின் ருசி அதில்தான் கூடுதல். கிகுனே இகெடா என்ற ஜப்பானிய விஞ்ஞானி 1908-இல் கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த குளுட்டமேட் என்கிற ருசிப் பொருள் பழுத்த தக்காளியில் தானாகவே இருக்கிறது. சில பாக்கெட் சூப்பில் தூளாகத் தூவுவதும் அதன் உப்பைத்தான். பழம் அமுங்க அமுங்க அது ஏறும். வீட்டுக்கார அம்மாவுக்கு இகெடாவைத் தெரியாது, கூறைத் தெரியும்.

மறுபடி அடுப்பில் வைத்து ஒரு கொதி. புளிப்பு தூக்கலாக இருந்தால் ஒரு சிட்டிகை சர்க்கரை. இறக்கியபின் மிளகு. பால் சேர்த்தே ஆகவேண்டும் என்று பேத்தி சொன்னால், அடுப்பை அணைத்து, சூடு சற்றுத் தணிந்தபின் காய்ச்சிய பாலை மெல்ல விடுங்கள். கொதிக்கிற புளிப்பில் விட்டால் திரிந்துவிடும்.

முதல் முறை சரியாக வந்தபோது வீட்டுக்கார அம்மாவுக்கு ஒரு டம்ளர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு, "இது சாருதானே நாயனா, புளி போட மறந்துவிட்டாய்" என்றார். சாரு என்றால் தெலுங்கில் ரசம். எனக்குக் கொஞ்சம் ரோஷம்தான். யோசித்தால் அவர் பக்கமும் நியாயம் உண்டு. நம் மிளகுத்தண்ணீரைத்தான் வெள்ளைக்காரர்கள் 'மல்லிகடானி' என்று சூப்பாக்கிக் கிண்ணத்தில் ஊற்றினார்கள். அவர்கள் சூப்பை அவர் சாரு என்று சொன்னால் கணக்குச் சரியாகத்தானே போகிறது?

சித்தூர் பாட்டிக்கு ஒரு வேண்டுகோள். ரொட்டியைச் சதுரமாக நறுக்கி நெய்யில் வறுத்து மேலே போடுங்கள். பேத்தி அதற்காகவே இரண்டாவது டம்ளர் கேட்பாள். என்ன சொன்னாள் என்று இன்னொரு அஞ்சலட்டையில் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்