நடவு ஆளுங்க இடுப்பு வலி யார் கணக்குல வருது?

"கிராமத்துல எல்லாரும் உழைச்ச உடம்பு, நோய் நொடி வராது"ன்னு சென்னையில இருந்து வர்ற நண்பர்கள் சொல்லிட்டுப் போவாங்க. எங்க டெல்டா பக்கம் ஒரு நடவு வயலுக்கு வந்து, வரப்புல டீ குடிக்கிற நேரத்துல, மூட்டு வலி இல்லாதவங்க யாருன்னு கேட்டுப் பாருங்க.

இதை எண்ணிப் பார்த்தும் இருக்காங்க. 1996ல புனே பக்கம் பிக்வான் கிராமத்துல வீடு வீடாப் போய் 4,000 பேருக்கு மேல விசாரிச்சாங்க. நூத்துக்கு 18 பேருக்கு மூட்டு வலியோ தசை வலியோ இருந்துச்சு. முடக்குவாதம்னு சொல்ற நோய் நூத்துல ஒருத்தருக்கும் குறைவுதான். தேய்மானமும் சதைவலியும்தான் பெரும்பாலும்.

நடவு வேலையைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. கணுக்கால் சேத்துல புதைஞ்சிருக்கும். குனிஞ்சபடியே பின்னால நகரணும், ஒவ்வொரு அடிக்கும் காலைப் பிடுங்கி வைக்கணும். இடது கையில நாத்து முடி, வலது கை நட்டுக்கிட்டே இருக்கும். ஏக்கருக்கு இவ்வளவுன்னு குத்தகை பேசிட்டா, இடுப்பை நிமிர்த்தி நிக்கிற நேரம்கூட நஷ்டம்தான். களை எடுக்கவும் அதே குனிவு.

சாயங்காலம் மெடிக்கல்ல போய் "வலிக்கு ரெண்டு மாத்திரை குடுப்பா"ன்னு வாங்கிப் போட்டுட்டு மறுநாள் வேலைக்கு வந்துடுவாங்க. அந்த மாத்திரையை வருஷக்கணக்கா முழுங்கினா வயித்துல புண்ணு வரும், சிறுநீரகமும் கெடும். சீட்டு இல்லாம அதை விக்கிறது எனக்குச் சுத்தமாப் பிடிக்கல.

"அதான் மெஷின் வந்துடுச்சே"ம்பீங்க. வந்துடுச்சு. பாய் நாத்தங்கால் போட்டா ஏக்கரை ரெண்டு மூணு மணி நேரத்துல நட்டுடும். வலி போகும், கூடவே கூலியும் போகும். மெஷின் ஓட்டுறது பெரும்பாலும் ஆம்பளைங்கதான். கோனோவீடரை நின்னுக்கிட்டே தள்ளலாம், ஆனா ஈரக் களிமண்ணுல அந்தக் கனத்தைத் தள்ளிப் பார்த்தவங்களுக்குத் தோள்பட்டை தெரியும். கம்பெனிக்காரங்க அதைப் பெண்கள் கையில குடுத்துப் பார்த்தபிறகு செய்யணும்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021ல வந்தப்போ இயன்முறை மருத்துவமும் அதுல சேர்ந்துச்சு, நல்ல விஷயம். ஆனா வீட்டுக்கு வர்ற நேரத்துல இவங்க வயல்ல இருப்பாங்க. நடவு சீசன்லயாவது அந்த ஆளுங்க காலையில ஆறு மணிக்கு வரப்புக்கே வரட்டும். டீ நான் வாங்கித் தர்றேன்.