பீரோவில் ஒரு துப்பாக்கி... சாவி யார் கையில்?

போத்தனூரை அடுத்த மதுக்கரையில் ராணுவ முகாம் இருக்கிறது. முறையாகப் பயிற்சி பெற்ற ராணுவ வீரரே ஆனாலும், துப்பாக்கியை இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது. பணி முடிந்ததும் ஆயுத அறையில் ஒப்படைக்க வேண்டும். எண்ணைச் சரிபார்த்து பதிவேட்டில் குறிப்பார்கள். அந்த அறைக்கு இரவு பகலாகக் காவல் உண்டு.

உரிமம் பெற்ற பொதுமக்களின் துப்பாக்கி? அது பெரும்பாலும் வீட்டு பீரோவில்தான் இருக்கும். தேர்தல் நேரத்தில் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பிவிடும்.

2019-ல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டது. ஒருவர் 3 துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்பது 2 ஆகக் குறைந்தது. போலீஸ், ராணுவத்தினரிடமிருந்து துப்பாக்கியைப் பறித்தால் 10 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை. கல்யாணம், திருவிழாக்களில் அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வரும்படி சுட்டால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

சட்டம் கடுமையானதுதான். ஆனால், வீட்டு பீரோவுக்குக் காவல் நிற்க யாரும் வரமாட்டார்கள். தோட்டத்துக் காவலுக்கென உரிமம் வாங்கியவர்களே... துப்பாக்கியையும் தோட்டாவையும் தனித்தனியாகப் பூட்டி வையுங்கள். சாவி இருக்கும் இடம் குழந்தைகளுக்குத் தெரியவே கூடாது!