ஆர்டர் படிவம் யார் கையில் இருக்க வேண்டும்?

நம் சுத்துக்கேணி வட்டாரத்து வணிகர்களில் சிலர் கடைக்கென்று இணையதளம் வைத்துக்கொள்ள முன்வந்திருக்கிறார்கள். வரவேற்க வேண்டிய காரியம். கடையின் பெயர், முகவரி, சரக்குப் பட்டியல், தொலைபேசி எண் இவற்றோடு ஆர்டர் படிவம் ஒன்றும் இருந்தால், சில்லரைக் கடைக்காரர் இரவு கடை அடைத்த பிறகும் தமக்கு வேண்டிய சரக்கை எழுதி அனுப்பிவிடலாம். காலையில் வண்டி ஏற்றுவதற்கு நமக்கும் வசதி.

ஆனால் அந்தப் படிவத்தைத் தளத்தில் எப்படிப் பொருத்துவது என்பதை மட்டும், தளம் செய்து தருபவரின் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறோம். இது சரியல்ல என்பது நம் கருத்து. ஆர்டர் நோட்டு எங்கே இருக்க வேண்டும் என்பதைக் கல்லாவில் உட்காருபவர்தான் முடிவு செய்கிறார். இணையப் படிவமும் ஆர்டர் நோட்டுதான்.

படிவம் பொருத்த வழிகள் நான்கு. அவற்றை வணிகர் கண்ணோடு பார்ப்போம்.

முதல் வழி, வெறும் இணைப்பு. நம் தளத்தில் "ஆர்டர் செய்ய இங்கே அழுத்தவும்" என்று ஒரு பொத்தான். அழுத்தினால் கூகுள் பார்ம்ஸ், ஜோஹோ பார்ம்ஸ் போன்ற நிறுவனத்தின் பக்கத்தில் நம் படிவம் திறக்கும். செலவு அநேகமாக இல்லை. கைபேசியில் ஒழுங்காகத் தெரியும். அதே இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், கியூஆர் அட்டையாக அச்சடித்துக் கடையில் ஒட்டலாம். வாடிக்கையாளர் நம் தளத்தை விட்டு வெளியே போகிறார் என்பது ஒன்றே குறை.

இரண்டாவது, ஐ-பிரேம். சுவரில் ஜன்னல் வைப்பது போன்றது. படிவம் அந்த நிறுவனத்தின் கணினியிலிருந்தே வந்தாலும் நம் பக்கத்துக்குள் தெரியும். ஜன்னலுக்கு அப்பால் இருப்பவர் நம் பக்கத்தில் கைவைக்க முடியாது என்பதால் இது பாதுகாப்பானது. ஆனால் அளவைக் கவனிக்க வேண்டும். கூகுள் பார்ம்ஸ் தரும் ஐ-பிரேம் வரியில் அகலம் 640 என்று இருக்கும். நம் வாடிக்கையாளர் கையில் உள்ள கைபேசித் திரையோ பெரும்பாலும் 360 முதல் 400 வரைதான். அப்படியே ஒட்டினால் படிவத்தின் ஓரம் வெட்டுப்படும், பக்கத்துக்குள் ஒரு பக்கமாக உருட்ட வேண்டிவரும். அகலத்தை நூறு சதவீதம் என்று மாற்றச் சொன்னால் போதும், ஒரு நிமிட வேலை.

மூன்றாவது, ஜாவாஸ்கிரிப்ட். படிவ நிறுவனத்தின் நிரல் நம் பக்கத்துக்குள்ளேயே வந்து ஓடும். உயரம் தானாகச் சரியாகும், தோற்றம் நேர்த்தியாக இருக்கும். ஆனால் இது ஜன்னல் அல்ல, வெளியாளைக் கடைக்குள் விட்டுச் சாவியும் கொடுப்பது. டிக்கெட்மாஸ்டர் என்னும் பெரிய நிறுவனம், பணம் செலுத்தும் பக்கத்தில் இன்பென்டா என்ற வேறொரு நிறுவனத்தின் உரையாடல் நிரலைச் சேர்த்திருந்தது. திருடர்கள் அந்த நிரலை மாற்றி வாடிக்கையாளரின் அட்டை விவரங்களைச் சுருட்டினார்கள். இது 2018இல் வெளிச்சத்துக்கு வந்தது. 2020 நவம்பரில் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 12.5 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. அபராதம் விதிக்கப்பட்டது டிக்கெட்மாஸ்டர் மீது. அடுத்தவர் நிரல் என்ற சமாதானம் எடுபடவில்லை.

நான்காவது, நமக்கென்றே எழுதிய படிவம். விவரம் முழுவதும் நம் கணக்கில் இருக்கும். ஆனால் குப்பைச் செய்திகளைத் தடுக்க வேண்டும், பழுது பார்க்க வேண்டும், நகல் எடுத்து வைக்க வேண்டும். எழுதிக் கொடுத்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் ஆர்டர் வருகிறதா இல்லையா என்றே தெரியாது. நிலையாகக் கவனிக்க ஆள் உள்ள மொத்த வியாபாரிகளுக்கு மட்டுமே இது ஏற்றது.

ஆகவே நம் அளவில் உள்ள கடைகளுக்கு முதல் இரண்டு வழிகளே போதும் என்கிறோம். இருந்தும், வழியை விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. படிவக் கணக்கு யார் பெயரில் திறக்கப்படுகிறது? தளம் செய்பவர் அவசரத்தில் தம்முடைய மின்னஞ்சலிலேயே திறந்து கொடுத்துவிடுவது உண்டு. அப்படியானால் நம் வாடிக்கையாளரின் பெயர், எண், வாங்கும் சரக்கு, வாங்கும் அளவு அத்தனையும் இன்னொருவர் பெட்டியில் சேர்கின்றன. சங்கராபரணித் தண்ணீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியே ஊசுட்டேரிக்குப் போவதை நாம் அறிவோம். வாய்க்கால் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், மதகு யார் கையில் என்பதல்லவா முதல் கேள்வி? கணக்கு கடையின் மின்னஞ்சலில் இருக்கட்டும். கடவுச்சொல் உரிமையாளரிடம் இருக்கட்டும்.

அடுத்து, ஆர்டர் வந்ததும் நமக்குத் தெரிய வேண்டும். கூகுள் பார்ம்ஸில் புதிய பதில் வந்தால் மின்னஞ்சல் அனுப்பும் வசதியை நாமே இயக்கி வைத்தால்தான் செய்தி வரும். இயக்காவிட்டால் ஆர்டர் சத்தமில்லாமல் கிடக்கும். சரக்கு வராத கடைக்காரர் படிவத்தைக் குறை சொல்லமாட்டார், அடுத்த மொத்தக் கடைக்குப் போய்விடுவார். எனவே படிவத்துக்கு மேலேயே கடையின் தொலைபேசி எண்ணையும் பெரிதாகப் போடுங்கள்.

படிவத்தில் என்ன கேட்பது? நம் பகுதியில் புதுச்சேரிக் கிராமமும் தமிழ்நாட்டுக் கிராமமும் பின்னிக் கிடக்கின்றன. ஜி.எஸ்.டி. எண்ணின் 15 எழுத்துகளில் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் காட்டும்: நமக்கு 34, தமிழ்நாட்டுக்கு 33. நாம் அனுப்பும் சரக்கு எந்த மாநிலத்தில் போய் இறங்குகிறது என்பதைப் பொறுத்து, மத்திய வரியும் மாநில வரியுமா அல்லது ஒருங்கிணைந்த வரியா என்பது மாறும். அஞ்சல் குறியீட்டை நம்ப முடியாது, 605 என்ற தொடக்கம் புதுச்சேரிக்கும் உண்டு, விழுப்புரத்துக்கும் உண்டு. எனவே சரக்கு இறக்கும் ஊர், மாநிலம் இரண்டையும் தனியாகக் கேளுங்கள். பெயர், கைபேசி எண், ஜி.எஸ்.டி. எண், சரக்கு, அளவு, இவற்றோடு நிறுத்துங்கள். ஆதார் எண், வங்கி அட்டை விவரம் எதையும் கேட்க வேண்டாம். கேட்காத விவரம் திருட்டுப் போகாது.

சட்டமும் இதையே வலியுறுத்துகிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. விவரத்தை எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். வேறொரு நிறுவனத்தின் படிவத்தில் வாங்கினாலும் பொறுப்பு வணிகருடையதே. பாதுகாப்பில் தவறினால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வாடிக்கையாளருக்கு வழி இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. "ஆர்டர் அனுப்பவும் பில் போடவும் மட்டுமே இந்த விவரங்கள்" என்ற ஒரு வரியைத் தமிழில் சேர்ப்பதிலிருந்து தொடங்கலாம்.

தளம் ஏற்கெனவே வைத்திருக்கும் உறுப்பினர்கள் இந்த வாரமே ஒரு காரியம் செய்ய வேண்டுகிறோம். உங்கள் கைபேசியில் உங்கள் படிவத்தைத் திறந்து, பத்துக் கிலோ துவரம்பருப்புக்கு நீங்களே ஒரு ஆர்டர் போடுங்கள். அது யார் பெட்டிக்கு, எத்தனை நேரத்தில் போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். உங்களிடம் வராவிட்டால், தளம் செய்தவரை அன்றைக்கே கூப்பிடுங்கள்.