சி. எல். மூர் ஒளிந்தது யாரிடம்?

அறிவியல் புனைகதையில் பெண்கள் என்று பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார்: கேதரின் மூர், பெண் என்று தெரியாமலிருக்க சி. எல். மூர் என்று எழுதினாராம். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

காரணத்தை மூரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பெருமந்தக் காலம், இண்டியானாபொலிஸ் நகரில் வங்கி வேலை. கதை எழுதி உபரிக் காசு வருவது தெரிந்தால் வேலை போய்விடுமோ என்ற பயம். 1933 நவம்பரில் ‘வியர்ட் டேல்ஸ்’ இதழில் ‘ஷாம்ப்லோ’ வந்தபோது அவர் ஒளிந்தது முதலாளியிடம். (இரண்டாம் வேலை பார்க்கும் ஐடிக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம்.)

இந்தக் கட்டுக்கதை வெறும் தகவல் பிழை என்றால் விட்டுவிடலாம். மூருக்கு முன்பே சொந்தப் பெயரில் எழுதியவர்களை அல்லவா இது துடைத்தெறிகிறது? கிளேர் விங்கர் ஹாரிஸ் 1926இலேயே அதே ‘வியர்ட் டேல்ஸ்’ இதழில் முழுப்பெயரோடு எழுதினார். மறு ஆண்டு ‘அமேசிங் ஸ்டோரிஸ்’ போட்டியில் மூன்றாம் பரிசு. கதையை வெளியிட்ட ஹியூகோ கெர்ன்ஸ்பேக், பெண்களுக்கு அறிவியல் படிப்பு குறைவு, இவ்வகை எழுத்து பொதுவாக அவர்களுக்கு வராது, இவர் விதிவிலக்கு என்று ஒரு குறிப்பும் சேர்த்தார். பாராட்டாம்! அலுவலகக் கூட்டத்தில் “உங்கள் ஆங்கிலம் பிரமாதம்” என்று கேட்டுப் பழகிய நமக்கு அந்தத் தொனி தெரியாதா?

பாகுபாடே இல்லை என்று நான் சொல்லவில்லை. அது பெண்ணின் பெயரை அச்சிட்டது, பக்கத்திலேயே இப்படியொரு குறிப்பையும் அச்சிட்டது. ஹாரிஸின் கதைகள் 1947இல் தொகுப்பாகவும் வந்துவிட்டன. மூரின் முகமூடியைப் பற்றிப் பேசுகிறவர்களில் எத்தனை பேர் அதைப் புரட்டியிருக்கிறார்கள்?