கண்ணீரை மட்டும் கேட்கும் கருவி

யாழ்ப்பாணத்து முதியோர் முன் படக்கருவி பெரும்பாலும் இரண்டு வேளைகளில்தான் வந்து நிற்கிறது. கடல்கடந்த பிள்ளைகள் பணம் அனுப்பி எடுப்பிக்கும் பிறந்தநாள் விழா ஒன்று. இழந்தவற்றைச் சொல்லி அழக் கேட்கும் நேர்காணல் மற்றொன்று.

சாட்சியம் வேண்டா என்பது நம் கருத்தன்று. 1981இல் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றிச் சோமீதரன் எடுத்த ‘எரியும் நினைவுகள்’ போன்ற ஆவணப்படங்கள் தேவையானவை. ஆயினும் எண்பதாண்டு வாழ்ந்த ஒருவரிடம் துயரம் ஒன்றே எஞ்சியிருக்கும் எனக் கொள்வது அவ்வாழ்வுக்கு இழைக்கும் அநீதி. துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்த விடியற்காலைகளும், கோயில் வீதியில் விடியும்வரை கண்ட கூத்தும், ஒடியற்கூழுக்கு எந்த மீனை எப்போது இடவேண்டும் என்னும் நுட்பமும் அவரிடம் இருக்கின்றன. கேட்டுப் பாருங்கள். சாய்மனைக் கதிரையில் கிடந்தவர் நிமிர்ந்து உட்காருவார்; “அப்படியில்லைத் தம்பி, இப்படி” என்று கையால் காட்டுவார். பிறரைத் திருத்தும் உரிமை மீண்டும் கைக்கு வந்த களிப்பு அது. வேளை தவறாது மருந்தும் உணவும் தரும் வீட்டிலும் அக்களிப்புக் கிட்டுவது அரிது.

கியூபாவின் முதிய இசைவாணரைப் பற்றிய ‘புவெனா விஸ்டா சோஷல் கிளப்’ என்ற ஆவணப்படத்தை விம் வெண்டர்ஸ் 1999இல் வெளியிட்டார். பாட்டைக் கைவிட்டுச் சப்பாத்துத் துடைத்துப் பிழைத்த இப்ராகிம் ஃபெரர், எழுபதைக் கடந்த வயதில் நியூயோர்க் கார்னகி மண்டபத்தில் பாடுவதை அதில் காண்கிறோம். அவருடன் மேடையேறிய கொம்பாய் செகுந்தோவுக்கு அப்போது தொண்ணூறு வயது. அவர்கள்மீது இரக்கம் கொள்ளும்படி அப்படம் நம்மைக் கேட்கவில்லை. பிரெஞ்சு இயக்குநர் அக்னெஸ் வார்தாவோ, தொண்ணூறை நெருங்கிய வயதில், பார்வை மங்கிய நிலையில், இளைஞர் ஒருவரோடு சிற்றூர்கள்தோறும் சென்று 2017இல் தாமே ஒரு படம் தந்தார். நம் முதியோரும் கருவிக்குப் பின்னால் நிற்கலாம். கைப்பேசியைப் பழக்கிக் கொடுக்கப் பேரப்பிள்ளையின் ஒரு பிற்பகல் போதும். பொறுமைதான் சற்று அதிகம் வேண்டும்.

காலம் தாழ்த்துவதற்கில்லை. நாடக ஆசான் குழந்தை ம. சண்முகலிங்கம் 2025 தை மாதத்தில் மறைந்தார். அவரது ‘மண் சுமந்த மேனியர்’ 1985இல் மேடையேறியபோது அதைக் கண்ட இளைஞர் இன்று அறுபதை எட்டியவர். பனுவல் அச்சில் இருக்கலாம். அந்த இரவின் அமைதியும் ஆரவாரமும் அவர்களிடம் மட்டுமே உள்ளன.

வழிகள் இல்லாமல் இல்லை. 2015இல் தொடங்கிய யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழா இருக்கிறது. 2005 முதல் ஈழத்து ஆவணங்களைத் திரட்டிவரும் நூலகம் நிறுவனம் இருக்கிறது. ஊர்தோறும் சனசமூக நிலையங்கள் உள்ளன. இருட்டிய பின் காட்சி வைத்தால் முதியோர் வரமாட்டார். பகலில், அவர்களுடைய ஊரிலேயே வையுங்கள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உள்ள பிள்ளைகள் பிறகு பார்க்கட்டும். முதல் வரிசைக் கதிரை, படத்தில் பேசியவருக்கு.